தெற்கே ஒரு நாள்

(உரைநடை – பயணக் கட்டுரை)

நுழையும்முன்

மாணவர்களே! விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியூர் சென்று வருவதை விரும்பாதவர் யார்? நாம் வாழும் திருவனந்தபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடும் தொலைவில் கன்னியாகுமரி மாவட்டம் உள்ளது. மலை, அணை, அருவி, கோட்டை, அரண்மனை, கோவில், கடற்கரை எனக் காணத்தக்க இடங்கள் அச்சிறு மாவட்டத்தில் நிறைந்துள்ளன. அவற்றைப் பார்த்து வருவது ஒன்று. படித்து வருவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடத்தில் காண்போம்.

1. விடுபட்ட வரிகள்

நான் பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்த முதல் ஆண்டு அது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது தமிழ்நாட்டில்; படித்ததோ வட மாநிலங்களில். இந்தியும் ஆங்கிலமும் தடையின்றி எழுதுவாள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால், தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குவாள். உங்களுள் பலர் இதே நிலையில் இருப்பதை நான் அறிவேன். ஆகவேதான் இதனைக் கூறுகிறேன்.

என் தாயார் ஊரில் தனியாக இருந்தார். தொலைபேசியில் பேசினாலும், மாதம் ஒருமுறை நீலநிற உள்நாட்டுக் கடிதம் எழுதி அனுப்புவது அவர் வழக்கம். அக்கடிதத்தை நான் வாசிப்பேன். மகள் அருகில் அமர்ந்து கேட்பாள். ஒருநாள் வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தபோது, "அம்மா, பாட்டி இடமே விடாமல் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வாசித்தது பாதிகூட இருக்காது போலிருக்கிறதே?" என்று கேட்டாள்.

நான் விடை கூறவில்லை. முழங்கால் வலியைப் பற்றியும், இரவில் துணைக்கு ஆளில்லாமல் இருப்பதைப் பற்றியும் என் தாயார் எழுதியிருந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் வாசித்திருந்தேன். குழந்தை வருந்துவாளே என்பது என் எண்ணம். ஆயினும், அவள் கேட்டது நியாயமான கேள்வி. தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்க இயலாதவருக்கு, பிறர் வாசித்துக் காட்டும் அளவே செய்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி மாவட்டத்திற்குச் செல்வதாக முன்பே முடிவு செய்திருந்தோம். புறப்படும்முன் மகளிடம் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்தேன். "வழியில் நீ காணும் தமிழ்ச் சொற்களில் உன்னால் படிக்க முடிந்தவற்றை எல்லாம் இதில் எழுதிக்கொள்" என்றேன்.

2. எல்லையில் மாறும் எழுத்து

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பாலராமபுரம் வந்தது. கைத்தறித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பாலராமவர்மா மன்னரின் காலத்தில், தெற்கேயிருந்து தமிழ் நெசவாளர் குடும்பங்கள் இங்கு வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. ஓணத்திற்கு நம் ஆசிரியைகள் உடுத்திவரும் கசவுப் புடவைக்குப் பின்னால், இடம்பெயர்ந்து வந்த அந்நெசவாளர்களின் கைத்திறனும் இருக்கிறது. வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த தமிழர்கள் நாம் மட்டும் அல்லர் என்பதை அவ்வூரைக் கடக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடைந்தோம். இங்கே இரு மாநிலங்களுக்கும் இடையே மலையோ கடலோ இல்லை. அதே தென்னை, அதே மரவள்ளி, அதே ஓட்டு வீடுகள். மாறியது ஒன்றே ஒன்று: கடைப் பெயர்ப்பலகைகளில் மலையாள எழுத்து மறைந்து தமிழ் எழுத்து தோன்றியது.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. இப்பகுதி முழுவதும் முன்னர்த் திருவிதாங்கூர் மன்னராட்சியின்கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின், தமிழ் பேசும் தென் வட்டங்களைத் தமிழ் மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்ற போராட்டம் வலுப்பெற்றது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். பின்னர், 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நம் பள்ளியில் ஆண்டுதோறும் கொண்டாடும் கேரளப் பிறவி நாளும் அதே நவம்பர் 1 தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே நாளில் பிறந்த இரு குழந்தைகளைப் போன்றவை கேரள மாநிலமும் கன்னியாகுமரி மாவட்டமும்.

மகள் தன் குறிப்பேட்டில் முதற்சொல்லை எழுதினாள். 'க', 'ளி', 'ய' என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, 'களியக்காவிளை' என்று படித்து முடிப்பதற்குள் எங்கள் வண்டி அவ்வூரைத் தாண்டிவிட்டது. 'விளை' என்பது இப்பகுதியில் தோட்டத்தையும் பயிர் நிலத்தையும் குறிக்கும் சொல் என்று கூறினேன். அதன்பின், பெயரின் ஈற்றில் 'விளை' வரும் ஊர்களை அவளே தேடத் தொடங்கினாள்.

3. ஆற்றின்மேல் ஓர் ஆறு

மார்த்தாண்டத்திலிருந்து உள்நாட்டுச் சாலையில் திரும்பி மாத்தூர் சென்றோம். அங்கே பறளியாற்றின் பள்ளத்தாக்கிற்கு மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றிற்குத் தண்ணீர் கொண்டு செல்லும் தொட்டிப் பாலம் இருக்கிறது. இதன் உயரம் நூறு அடிக்கும் மேல். நீளம் ஆயிரம் அடிக்கும் மேல். 28 தூண்கள் இதனைத் தாங்குகின்றன. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாசனநீர் கிடைக்க வேண்டும் என்று காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட இப்பாலம் 1966ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது.

பாலத்தின் ஓரத்தில் மக்கள் நடந்து செல்ல வழி இருக்கிறது. பக்கத்தில் தொட்டிக்குள் நீர் ஓடுகிறது. எட்டிப் பார்த்தால், கீழே தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. "மேலேயும் ஆறு, கீழேயும் ஆறு!" என்று மகள் வியந்தாள். மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பத்தே ஆண்டுகளில் எழுந்த பாலம் இது. மக்கள் தங்களுக்குரிய அரசிடம் எதிர்பார்ப்பது வெறும் பெயர்ப்பலகையை மட்டும் அன்று. வயலுக்கு நீரையும்தான் என்பதை அங்கு நின்றபோது உணர்ந்தேன்.

4. இரு மொழிக்கும் பொதுவான அரண்மனை

அடுத்து, தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்படும் வரை இங்கேதான் இருந்தது. ஆகவே, நம் நகருக்கு மூத்த தலைநகரம் இது எனலாம். அரண்மனை அமைந்திருக்கும் நிலம் தமிழ்நாட்டில் உள்ளது. ஆனால், அதனைப் பேணிக் காப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. எல்லைக்கோடு பிரித்ததை இவ்வரண்மனை இன்றும் சேர்த்தே வைத்திருக்கிறது. திங்கட்கிழமைகளில் இது மூடப்பட்டிருக்கும் என்பதைப் பயணம் செல்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

உள்ளே செல்லச் செல்ல மரவேலைப்பாட்டின் அழகு விரிகிறது. பூமுகத்தின் கூரையில் செதுக்கப்பட்ட மலர்களையும், மந்திரசாலையின் சன்னல்களில் பதித்த அப்பிரகத் தகடுகளின் வழியே வரும் மங்கிய ஒளியையும், கண்ணாடி போல் மின்னும் கருநிறத் தரையையும் கண்டோம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு அன்னம் பாலித்த ஊட்டுபுரையையும், அங்கிருந்த பெரிய ஊறுகாய்ச் சாடிகளையும் பார்த்தபோது மகளுக்குப் பசி எடுத்துவிட்டது!

இங்குள்ள பகுதிகளின் பெயர்களைக் கவனியுங்கள். ஊட்டுபுரை என்பதில் 'ஊட்டு' என்பது உண்ணச் செய்தலைக் குறிக்கும். 'புரை' என்பது வீட்டைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். உப்பரிகை மாளிகை என்பதில் 'உப்பரிகை' என்பது மேல்மாடம். மந்திரசாலை என்பது அரசர் அமைச்சரோடு ஆய்வு செய்யும் இடம். 'மந்திரம்' என்பதற்குக் கலந்தாய்வு என்றும் பொருள் உண்டு. மணிமாளிகை என்பது நேரம் காட்டும் மணி அமைந்த மாடம். உங்கள் மலையாள நண்பர்கள் இப்பெயர்களைத் தங்கள் மொழிச் சொற்கள் என்பர். நீங்கள் நம் மொழிச் சொற்கள் என்பீர்கள். இருவர் கூற்றும் பொருந்தும். மொழிகள் இரண்டாயினும் முற்றம் ஒன்றே.

அரண்மனை வளாகத்தில் சரசுவதி கோவிலும் நவராத்திரி மண்டபமும் உள்ளன. அங்குள்ள சரசுவதி திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழியாகக் கூறப்படும் மரபு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இச்சரசுவதி யானைமீது எழுந்தருள, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து, விழா முடிந்தபின் திரும்பிச் செல்வர். எல்லையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துவர். இவ்வூர்வலம் கிழக்கேகோட்டையை அடையும் காட்சியை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள்.

5. கல்லறையில் தமிழ்

அருகில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். 1741ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் மார்த்தாண்டவர்மா மன்னரின் படை டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படையை வென்றது. அப்போது பிடிபட்ட டிலனாய் என்னும் படைத்தலைவர், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்தார். தம் தாய்நாட்டிற்குத் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து 1777இல் மறைந்தார். கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் பழைய தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

இலத்தீன் எங்களுக்குத் தெரியாது. தமிழோ பழைய எழுத்தமைப்பில் இருந்ததால் எனக்கும் உடனே விளங்கவில்லை. மகள் மண்டியிட்டு அமர்ந்து, விரலை வைத்து எழுத்துகளைத் தேடினாள். "இது 'ம'தானே அம்மா? இது 'ப'. இது என்ன?" என்று கேட்டாள். நானும் பக்கத்தில் அமர்ந்தேன். இருவரும் சேர்ந்து சில சொற்களை மட்டுமே படித்தோம். அன்று அவளுக்கு ஆசிரியையாக நான் இல்லை. அவளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டும் மாணவியாகவே இருந்தேன்.

"வெளிநாட்டுக்காரருக்கு ஏன் தமிழில் எழுதினார்கள்?" என்று கேட்டாள். "இங்கே இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான்" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் நாம் படிக்காவிட்டால் அவர்கள் எழுதியது வீணாகிவிடுமே" என்றாள்.

6. கடல் நடுவே நூல்

சுசீந்திரம் கோவிலின் இசைத்தூண்களை மற்றொரு நாளைக்கு என்று விட்டுவிட்டுக் கன்னியாகுமரி சேர்ந்தோம். மாலையில் படகுப் போக்குவரத்து முன்னதாகவே நின்றுவிடும் ஆதலால் விரைந்து சென்று வரிசையில் நின்றோம். விவேகானந்தர் 1892 டிசம்பரில் தவமிருந்த பாறையில், 1970இல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு அருகில் உள்ள பாறையில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. சிற்பி கணபதி ஸ்தபதி வடிவமைத்த இச்சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. நாங்கள் சென்றபோது அது இல்லை.

சிலையையும் படிக்க முடியும் என்று மகளிடம் கூறினேன். பீடத்தின் உயரம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. பீடத்தின்மேல் நிற்கும் சிலையின் உயரம் 95 அடி. பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95 அதிகாரங்கள். மொத்தம் 133. அறம் அடித்தளமாக இருந்தால்தான் பொருளும் இன்பமும் நிமிர்ந்து நிற்கும் என்பதைக் கல்லில் சொல்லியிருக்கிறார் சிற்பி. இதனை அறியாதவர் கண்ணுக்கு அது பெரிய சிலை. அறிந்தவருக்கு அது திறந்து வைத்த நூல்.

மாலையில் கடற்கரையில் அமர்ந்தோம். நான் கைப்பையில் கொண்டு சென்றிருந்த அஞ்சலட்டை ஒன்றை மகளிடம் நீட்டினேன். குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து அவள் எழுதினாள். ஐந்து வரிகள், அரைமணி நேரம். 'பள்ளத்தாக்கு' என்பதற்குப் 'பல்லத்தாக்கு' என்றும், 'மகிழ்ச்சி' என்பதற்கு 'மகிள்ச்சி' என்றும் எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. அப்படியே அஞ்சல் பெட்டியில் போட்டோம்.

7. மறுமொழி

மூன்று வாரங்களுக்குப்பின் என் தாயாரின் கடிதம் வந்தது. முகவரியில் என் பெயர் இல்லை; மகளின் பெயர் இருந்தது. அவள் அதனை வாங்கிக்கொண்டு அறைக்குள் சென்றாள். நெடுநேரம் கழித்துக் கடிதத்தோடு வெளியே வந்தாள். "பாட்டிக்கு முழங்கால் வலி இவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். இம்முறையும் என்னிடம் விடை இல்லை. ஆனால், இனி எதையும் விட்டுவிட்டு வாசிக்க முடியாது என்பது தெரிந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்த ஆண்டு பூசை விடுமுறைக்கு முன்பே என் தாயாரை எங்களிடம் அழைத்து வந்தோம். நவராத்திரி ஊர்வலம் நகருக்குள் வந்த மாலையில் மூவரும் சாலையோரம் நின்றோம். யானைமீது சரசுவதி வந்தபோது, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர்கள் பத்மநாபபுரத்திலிருந்து வருகிறார்கள் பாட்டி. நான் அங்கே போயிருக்கிறேன்" என்றாள் மகள்.

தெரிந்து தெளிவோம்

* தமிழ்நாட்டில் இன்று பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, மனோன்மணீயம் என்னும் நாடக நூலில் இடம்பெற்றது. 1891இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர்.
* கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) சுசீந்திரத்திற்கு அருகில் உள்ள தேரூரில் பிறந்தவர். அவரும் திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணி ஆற்றியவர்.

சொல்லும் பொருளும்

வட்டம் – தாலுகா
பாசனம் – பயிருக்கு நீர் பாய்ச்சுதல்
அப்பிரகம் – ஒளி ஊடுருவும் மெல்லிய கனிமத் தகடு (மைக்கா)
அன்னம் பாலித்தல் – உணவு வழங்குதல்
உப்பரிகை – மேல்மாடம்
ஈறு – இறுதி
பீடம் – சிலை நிற்கும் மேடை

மதிப்பீடு

அ. ஓரிரு தொடரில் விடை தருக.

1. கன்னியாகுமரி மாவட்டம் எப்போது, எந்த மாநிலத்தோடு இணைந்தது? அதில் சேர்ந்த வட்டங்கள் யாவை?
2. மாத்தூர் தொட்டிப் பாலம் எந்த ஆற்றின் பள்ளத்தாக்கைக் கடக்கிறது? அது எதற்காகக் கட்டப்பட்டது?
3. 'ஊட்டுபுரை' என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக.
4. திருவள்ளுவர் சிலையின் பீடம் 38 அடியாக அமைந்ததன் காரணம் என்ன?

ஆ. சிந்தித்து விடை தருக.

1. தாய் கடிதத்தின் சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. மகளின் அஞ்சலட்டையில் இருந்த பிழைகளைத் தாய் ஏன் திருத்தவில்லை? நீவிர் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்?

இ. ல, ள, ழ வேறுபாடு அறிந்து பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்க.

1. தொட்டிக்குள் நீர் வேகமாக ஓடும் (ஒலி / ஒளி / ஒழி) கேட்டது.
2. கோட்டைக்குள் டிலனாயின் (கல்லறை / கள்ளறை) உள்ளது.
3. மந்திரசாலைக்குள் மங்கிய (ஒலி / ஒளி / ஒழி) பரவியிருந்தது.

ஈ. செயல்பாடு

1. திருவனந்தபுரத்திலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, புறப்படும் நேரம், வழி, உணவு, திரும்பும் நேரம் ஆகியவற்றுடன் உம் குடும்பத்திற்குப் பயணத் திட்டம் ஒன்று எழுதுக.
2. ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் தமிழில் அஞ்சலட்டை எழுதி அனுப்புக. ஆசிரியரிடம் காட்ட வேண்டியதில்லை. மறுமொழி வந்ததும், அதனை நீவிரே படித்துவிட்டு, வகுப்பில் பகிர்ந்துகொள்ள விரும்பும் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுக.